இந்த வாரம் ஒன்பது ஜோடி

ஆம்பூர்,
ஜூலை 8, திங்கள்

அன்புள்ள நித்யா அக்காவுக்கு,

பூரணி எழுதுகிறேன். கடிதம் என்றதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதே. குடியாத்தத்தில் எல்லோரும் சுகம். தறியும் ஓடுகிறது, அப்பாவின் இருமலும் ஓடுகிறது. அம்மாவுக்குத்தான் நீ ஆடி மாதத்துக்காவது வருவாயா மாட்டாயா என்று ஒரே கவலை.

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்டி" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து வார்த்தை வருவதில்லை. ஸ்பீக்கரில் மாமாவும் இருப்பதால் எனக்கும் கூச்சம். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். எனக்குப் பேசுவதைவிட எழுதத்தான் வரும். அதனால்தான் கடிதம். உன் வீட்டுக்கு வாரம் ஒருமுறை நீ தைக்க ஷூ அப்பர் தோல் கட்டு கொண்டுவந்து, தைத்ததை எடுத்துப்போகும் கௌசர் ஆபாவிடம் இதைக் கொடுத்தேன். "ஏழு கிலோமீட்டருக்கு லெட்டரா? நடந்தே போய்ட்டு வந்துடலாமே!" என்று சிரித்தார். போன மாதம் நான் வந்தபோது, அடிக்கடி வந்தால் அக்காவின் வேலை கெடும் என்று மாமா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

இங்கே ஷூ கம்பெனியில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. பெண் தொழிலாளர்களுக்கு வீட்டில் துன்பம் உண்டா என்று கேட்டு எழுத வேண்டுமாம். மனிதவளத்தில் இருக்கும் சுஹேல் அகமது சார் என்னைக் கூப்பிட்டு, "லைன்லயே நீ ஒருத்திதான் டிகிரி. சாப்பாட்டு நேரத்துல எல்லாரையும் கேட்டு டிக் அடிச்சிக் குடும்மா" என்றார். அறுபது பேர். கல்லூரியில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கவே எனக்கு வியர்க்கும், உனக்குத் தெரியும்.

முதல் நாள் எங்கள் லைனில் வேலை செய்யும் தபஸ்ஸுமின் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தில் இருந்தபடியே "உங்கள் துணைவர் உங்களை உடல்ரீதியாகத் துன்புறுத்துகிறாரா?" என்று படித்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாரு துணைவரு? எங்க வூட்டு ஆளயா கேக்குற? அடிக்கிறாரான்னு கேளேன், இன்னாத்துக்கு இவ்ளோ சுத்தி வளைக்கிற" என்றாள். அதன்பிறகு எல்லாக் கேள்வியையும் அவர்கள் பேசுகிற மாதிரியே மாற்றிக்கொண்டேன்.

ஒன்று கவனித்தேன் அக்கா. அடியைப் பற்றிக் கேட்டால் யாரும் தயங்குவதில்லை. ரேஷன் அட்டை எண்ணைச் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறார்கள். ஒருத்தி, "அடிப்பாரு, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டாரு" என்றாள். இன்னொருத்தி, "போன வருசத்தோட நிறுத்திட்டாரு. அவருக்கு முதுகு வலி" என்றாள். மேசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அப்புறம் எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தேன். மற்ற கேள்விகளில்தான் கை நிற்கிறது. உன் சம்பளம் யார் கையில் இருக்கிறது, நாலு பேர் முன்னால் உன்னை மட்டம் தட்டுகிறாரா என்றால், முதலில் பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்க்கிறார்கள். தபஸ்ஸுமின் ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் அவள் கணவரின் பீரோவில் இருக்கிறதாம், சாவி அவரிடம். "தொலைஞ்சிடும்னு பத்திரமா வெச்சிருக்காரு" என்றாள். உனக்கு வேண்டும்போது கேட்டு வாங்கமுடியுமா என்று கேட்டேன். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள்.

கௌசர் ஆபாவின் கணவர் ஜியாவுல்லா பாய் அடித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாராம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளிடம், "அம்மாவ தண்ணி குடுக்கச் சொல்லு" என்பாராம். போன முறை பத்தொன்பது நாள். "அடின்னா ஒரு நிமிசம். இது உன் பேப்பர்ல எத்தினியாவது நம்பரு?" என்று ஆபா கேட்டார். தேடினேன், இல்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன்.

எனக்கு இது விநோதமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செக்கிங் மேசையில் எனக்கு எல்லாத் தோலும் ஒன்றாகத்தான் தெரியும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, நரம்பு ஓடிய தடம் என்று சூப்பர்வைசர் பெயர் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அதற்கு முன்பும் அவை அங்கேதான் இருந்திருக்கும், இல்லையா?

முதல் தாளில் ஏழு கேள்விதான் முடிந்தது. இரண்டாம் தாள் அடுத்த வாரம்.

நேற்று மாமா வழக்கம்போல் போன் செய்தார். "இன்னா டிகிரி மேடம், எங்க வூட்டு அம்மா இந்த வாரம் எத்தினி ஜோடி தெச்சா?" என்றார். ஒன்பது என்றேன். போன வாரம் பதினாறு என்பதும் நினைவில் இருந்ததால் அதையும் சொன்னேன். "உனக்குத்தான்மா கரெக்டா ஞாபகம் இருக்கு" என்று பாராட்டினார். உனக்கு உடம்பு சரியில்லையா? செக்கிங்குக்கு என் மேசைக்கு வந்த அந்த ஒன்பதிலும் தையல் மட்டும் எப்போதும்போல் முத்து முத்தாக இருந்தது. மாமா கண்காணிப்புக் கேமரா கடை வைத்திருப்பதால் வீட்டுக்குள்ளேயும் ஒன்று மாட்டிவிட்டாராமே. மாப்பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

உன்னையும் அந்த ஏழு கேள்வியும் கேட்க ஆசை. சும்மா விளையாட்டுக்கு. இரண்டு வரி எழுதி ஆபாவிடம் கொடு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
பூரணி

•

ஆம்பூர்,
ஜூலை 16, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் நூல்கண்டுக் கவரின் அடியில் இருக்கும். கூடத்தில் பிரிக்காதே. குளியலறையில் வைத்துப் படி. படித்ததும் ஆபாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துப் படி.

நேற்று இரண்டாம் தாளை ஆரம்பித்தேன். பதினோராம் கேள்வி இது: நீ எங்கே போனாய், என்ன செய்தாய் என்று உன் வீட்டுக்காரர் வேறு யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா? தபஸ்ஸும் உடனே, "எனக்கு எதுக்குத் தனியா கேமரா? என் நாத்தனார் இருக்காளே. நான் தும்முனா துபாய் வரைக்கும் சேதி போய்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே 'யார் மூலம்' என்ற கட்டத்தில் 'நாத்தனார்' என்று எழுதினேன்.

எழுதும்போதே அந்த நாத்தனாரைப் பற்றி யோசனை வந்தது. கெட்ட எண்ணத்திலா சொல்லியிருப்பாள்? அண்ணன் கேட்டான், சொன்னாள். அண்ணியைப் பற்றி விசாரிக்கிறானே, எவ்வளவு பாசம் என்றுகூட நினைத்திருப்பாள். அப்படி நினைத்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டேன் அக்கா. அந்தப் படிவத்தை அறுபது பெண்களுக்காக எடுத்துக்கொண்டு திரிந்தேன். அதற்குள் நானும் இருப்பேன் என்றும், அந்தக் கட்டத்தில் இருப்பேன் என்றும் நினைக்கவே இல்லை.

ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா கேட்டிருக்கிறார், நான் சொல்லியிருக்கிறேன். ஒரு ஜோடிக்கு உன் கைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஜோடி எத்தனை என்று தெரிந்தால் நீ எத்தனை மணி நேரம் அந்த ஸ்டூலில் இருந்தாய் என்றும், எத்தனை மணி நேரம் இல்லை என்றும் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அவர் எதற்காகப் போடுகிறார் என்றுதான் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஒரு தடவை பன்னிரண்டு என்றபோது, "அப்ப பேச்சு ஜாஸ்தி, வேலை கம்மி" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். உன்மேல் இருந்த அக்கறையால் சொன்னேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய். உனக்குத்தான் கரெக்டா ஞாபகம் இருக்கு என்று ஒருவர் பாராட்டினாரே, அந்த ஆசைக்குத்தான் சொன்னேன்.

ஒன்பது ஜோடி வந்த வாரம் என்ன நடந்தது என்று இப்போது ஆபா மூலம் தெரிந்துகொண்டேன். உன் பக்கத்து வீட்டு இஃப்ரா சொன்னாளாம். மூன்று மத்தியானம் நீ அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் போனில் அம்மாவோடு பேசினாயாம். நம் வீட்டுக்கு இஃப்ராவின் எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை, நீ ரீசார்ஜ் செய்யாமல் இரவல் வாங்குகிறாய் என்று நினைத்தோம். நான் ஒன்பது என்று சொன்ன மறுநாளே மாமா இஃப்ராவின் வாசலுக்குப் போய், "தங்கச்சி, அவளுக்கு வேலை கெடுது. இனிமே கூப்புடாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தாராம். குரலை உயர்த்தவே இல்லையாம். அதன்பிறகு நீ அந்தப் பக்கம் போகவில்லை என்றாளாம்.

போன வாரம் ஆபா கட்டை இறக்கிவிட்டு உன்னோடு இரண்டு வார்த்தை பேச உட்கார்ந்தபோது, சுவரில் இருந்து மாமாவின் குரல் வந்ததாமே. "ஆபா, உக்காராதீங்க. அவ வேலை பாக்கட்டும்." கடையில் இருந்துகொண்டே அந்தக் கேமரா வழியாகப் பார்க்கிறார், பேசுகிறார். "யா அல்லா, செவுரு பேசுதுடி! நான் செவுத்துக்கே ஒரு சலாம் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று ஆபா எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். நடித்து முடித்தபிறகு தனியாக என்னிடம், "உங்கக்கா சிரிக்கல பூரணி. ஊசிய கையில புடிச்சிக்கிட்டு அப்படியே இருந்துச்சி" என்றார்.

அம்மாவிடம் பேசினேன். எடுத்ததும், "கை நீட்னாரா?" என்றார். இல்லை என்றேன். "குடிக்கிறாரா? வேற பழக்கம்?" அதுவும் இல்லை. "அப்புறம் இன்னாடி? தங்கமான புள்ள. நாலு எழுத்து படிச்சிட்டா நல்லா இருக்கிற வூட்டுல கூட ஓட்டை தேடச் சொல்லுதா?" என்றார். பதினோராம் கேள்வியை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "அப்படிப் பார்த்தா எந்த வூட்டுலதான் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு நம் வீட்டில் யாரும் பால் காய்ச்சுவதில்லை.

எனக்கு இன்னும் நிறைய தெரியவில்லை. உன் கூலியை ஆபா யார் கையில் கொடுக்கிறார்? கல்யாணத்துக்கு முன் உன்னிடம் இருந்த போன் எங்கே? நீ கடைசியாகத் தனியாகக் கடைக்குப் போனது எப்போது? இதையெல்லாம் நான் ஏன் இதுவரை கேட்கவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட ஆச்சரியமாக இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றுகூட கவனிக்கிறவள் நான்.

என்னை மன்னித்துவிடு. இனி என் வாயால் ஒரு எண்ணிக்கையும் போகாது. பதில் எழுத முடிந்தால், தைத்த தோல் கட்டோடு கோர்த்திருக்கும் அட்டையின் பின்பக்கம் எழுது. அதைப் பிரிப்பது என் மேசையில்தான்.

உன்,
பூரணி

•

ஆம்பூர்,
ஜூலை 23, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

அட்டையில் நீ பென்சிலால் எழுதிய இரண்டு வரியும் கிடைத்தது. "உன்மேல கோபம் இல்ல" என்ற முதல் வரியைப் படித்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றுகொண்டேன். இரண்டாவது வரியை ஒரு நாளில் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. "அடிக்கலையே, இதுவும் சேருமா?"

நானே பதில் சொல்லப் பயமாக இருந்தது. பெண்களுக்கான உதவி எண் 181 என்று எங்கள் கழிவறைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பின்கேட்டுக்குப் போய் அழைத்தேன். என் குரல் கேட்கவில்லை என்று அந்த அம்மா மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தார். உன் பெயரோ ஊரோ சொல்லவில்லை. ஒரு அக்காவுக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் ஒருநாளும் கத்தினதுகூட இல்லீங்க என்று, என்னவோ மாமாவுக்குச் சாட்சி சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேரும்மா" என்றார். அடி மட்டும் இல்லையாம். வார்த்தையால் சிறுமைப்படுத்துவது, சம்பாதித்ததைக் கையில் தராமல் வைத்துக்கொள்வது, விருப்பம் இல்லாதபோது வற்புறுத்துவது, சொந்தபந்தத்தோடு பேசவிடாமல் வேவு பார்ப்பது எல்லாமே வீட்டு வன்முறைதானாம், சட்டமும் இருக்கிறதாம். மாவட்டத்தில் ஒரு மையம் இருக்கிறது, வந்து பேசலாம், வக்கீல் வேண்டுமானால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள், தங்கவும் இடம் உண்டு என்றார்.

நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பீர்களா என்று பயந்துபோய்க் கேட்டேன். "உங்க அக்கா வேணும்னு சொல்லாம நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். அவங்கதான் சொல்லணும், நீங்க இல்ல" என்றார். அது எனக்கு உறைத்தது. ஏழு மாதம் உனக்காக நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேனே.

ஞாயிற்றுக்கிழமை மாமா அழைத்தார். எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன். வழக்கமான கேள்விதான். "தெரியாது மாமா. அக்காவையே கேளுங்க" என்றேன். தெரிந்த பதிலைத் தெரியாது என்று வாழ்க்கையில் முதல் தடவை சொல்கிறேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "இன்னா மேடம், கேட்டா பதில் சொல்லத்தானே படிச்ச? பெரிய ஆளாய்ட்டியா?" என்றார். வைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், இந்தக் கோபம் போகிற இடம் எது என்று தோன்றியது. அன்று உன்னிடம் எப்படி நடந்துகொண்டார்? என் வீரத்துக்கு நீ பட்டாயா? அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மாமா இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டார். அப்பா போனில், "மாப்ளகிட்ட மன்னிப்பு கேட்டுடு கண்ணு. பூரணி மட்டு மரியாதை இல்லாம பேசறான்னு சொல்றாரு. நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு" என்றார். எதிர்த்துப் பேச வரவில்லை. சரிப்பா என்றேன். இன்னும் கேட்கவில்லை. அப்பா வைத்த பிறகு அம்மா தனியாக அழைத்து, இஃப்ராவின் எண் பழைய போனில் இருந்தது, ஊருக்கு வரும்போது புதிய போனில் ஏற்றிக்கொடு என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தை நேற்று ஒப்படைத்தேன். சுஹேல் சார் புரட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, ஓரமெல்லாம் எழுதி வெச்சிருக்க? கட்டத்துல இருக்கறது மட்டும்தான் கணக்கு" என்றார். ஓரத்தில் ஆபாவின் பத்தொன்பது நாள் இருந்தது. தபஸ்ஸுமின் பீரோ சாவி இருந்தது. வீட்டில் தைப்பவர்களையும் கேட்டால் என்ன என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கம்பெனிப் பதிவில் இல்லை என்றார். கொடுப்பதற்கு முன்பே எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்துவைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

இப்போது முக்கியமான விஷயம். வியாழக்கிழமை புது மாடல் வருகிறது. முன்பக்கம் இரட்டைத் தையல், பழைய கைக்கு வராது. வழக்கம்போல் வீட்டில் தைக்கும் எல்லோரையும் தையல் காட்ட ஆம்பூருக்கு அழைக்கிறார்கள். பொய் எதுவும் இல்லை, நிஜமாகவே அழைக்கிறார்கள். வராவிட்டால் கட்டு கிடைக்காது என்று ஆபா நாளைக்கு அந்தச் சுவரைப் பார்த்தே சொல்வார். மாமா மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பத்தரைக்கு ஆபாவோடு ஷேர் ஆட்டோவில் வந்தால், தையல் காட்டி முடிய ஒரு மணி நேரம். திரும்பும்வரை மூன்று மணி நேரம் உன்னுடையது. போன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. சார்ஜ் இல்லை என்று சொல்லிக்கொள்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்வது என்று நான் முடிவு செய்யவில்லை. அந்த 181 அம்மாவோடு என் போனில் பேசலாம். அம்மாவோடு பேசலாம். யாரோடும் பேசாமல் கேன்டீன் பெஞ்சில் சாய்ந்து தூங்கலாம். திரும்பி அந்த வீட்டுக்கே போகிறேன் என்று நீ சொன்னாலும் ஆட்டோவில் ஏற்றிவிடுவேன், முகம் கோணமாட்டேன். திரும்பிப் போகவில்லை என்றால், என் அறைத்தோழி மெஹக் ஊருக்குப் போயிருக்கிறாள், அவள் கட்டில் காலியாக இருக்கிறது. கேட்டதற்கு, போர்வையை மட்டும் மாத்திக்கோ என்றாள்.

எனக்குக் கேட்பதற்கு நூறு கேள்வி இருக்கிறது, உனக்கே தெரியும். வியாழக்கிழமை ஒன்றுகூடக் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொன்னது என்னைத் தாண்டிப் போகாது.

பத்தரை மணிக்குக் கேட்டில் நிற்பேன். நீ வரமுடியாமல் போனாலும் கோபம் இல்லை. அடுத்த மாடலுக்கும் நிற்பேன், அதற்கடுத்த மாடலுக்கும் நிற்பேன்.

எந்தத் தெய்வம் உன் பக்கம் இருந்தாலும் அது வியாழக்கிழமை வாசல்வரை உன்னோடு வரட்டும். அங்கிருந்து நான் இருக்கிறேன்.

வா அக்கா.

உன் தங்கை,
பூரணி